நெல் இறக்கும் வழி

வீட்டை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போனவர்கள் டெல்டாவில் ஏராளம். தியாகராசன் விஷயத்தில் வீடு ஊரைவிட்டுப் போனது. அவர் அதன் பின்னாலேயே போனார்.

அதிக தூரம் இல்லை. செம்மங்குளத்திலிருந்து குடவாசல் சாலையில் பதினோரு கிலோமீட்டர். அங்கே ஓர் அறக்கட்டளை பன்னிரண்டு ஏக்கர் தரிசுக்கு வேலி போட்டு, சுற்று வட்டாரத்தில் ஆளில்லாமல் கிடந்த வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருந்தது. பெயர், 'காவிரிக்கரை வீடுகள் திறந்தவெளி அருங்காட்சியகம்'. பண்ணையார் வீடு, முத்துப்பேட்டைப் பக்கத்து மீனவர் குடிசை, மரைக்காயர் வீட்டு முன்கட்டு, மாட்டுக்கொட்டகை என்று மொத்தம் ஒன்பது. அதில் ஏழாவது தியாகராசனுடையது. 'வீடு எண் 7: நடுத்தர விவசாயி இல்லம்' என்று வாசலில் பலகை. அவர் அதில் குடியிருந்தவரை அவரை நடுத்தரம் என்றுகூட யாரும் ஒத்துக்கொண்டதில்லை. சொசைட்டித் தேர்தலில் மூன்று ஓட்டில் தோற்றவர் என்றுதான் அடையாளம் சொல்வார்கள். பலகைக்கு இருக்கிற மரியாதை மனுஷனுக்கு இல்லை.

வீட்டோடு வீட்டுக்காரரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்தரை வரை அவர் தம் வீட்டில் தாமாக இருக்க வேண்டும். அதற்குச் சம்பளம். நிபந்தனைகள் சில உண்டு. வேட்டி, தோளில் துண்டு. கைக்கடிகாரம் கூடாது. செல்போன் மடியில் மறைவாக இருக்கலாம், அடிக்கக் கூடாது. வாழ்நாளில் பாதியை லுங்கியிலும் கட்சிக்காரர்கள் கொடுத்த பனியனிலும் கழித்தவருக்கு, அறுபத்தோராவது வயதில்தான் விவசாயி மாதிரி உடுத்தக் கிடைத்தது.

வீடும் அப்படித்தான். டிவி போயிற்று, மிக்ஸி போயிற்று, சிங்கப்பூரில் இருக்கும் மகன் பிரபுவின் பட்டமளிப்புப் படம் போயிற்று. எல்லாம் காலத்துக்குப் பொருந்தாதவையாம். டிராக்டர் வைத்து உழுத வீட்டில் ஒரு மரக்கலப்பை வந்து சாய்ந்துகொண்டது. அவர் மனைவி குந்தவை மூன்று வருஷம் சண்டை போட்டு வாங்கிய கிரைண்டரை எடுத்துவிட்டு, கிரைண்டர் வந்த அன்றே அவள் கொல்லையில் உருட்டிவிட்ட ஆட்டுக்கல்லைத் தோண்டி எடுத்து, கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, கூடத்தின் நடுவில் விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். குந்தவை இருந்திருந்தால் அதைக் காலால் தள்ளியிருப்பாள்.

குந்தவை இல்லை. அவள் இல்லாததுதான் வீடு ஊரைவிட்டுப் போனதற்குக் காரணம்.

நாலு வருஷத்துக்கு முன், சம்பா நடவு. ஆட்களுக்கு வயலில் சோறு போட்டுவிட்டு, சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கொல்லைப் பக்கமாக வந்தாள். கொல்லைப்படிக் கல்லில் குதிகாலை ரெண்டு தட்டுத் தட்டிச் சேற்றை உதிர்த்துவிட்டு உள்ளே நுழைவது அவள் வழக்கம். கல்யாணமான நாளிலிருந்து முப்பத்திரண்டு வருஷம் அந்த ரெண்டு தட்டு. அன்றைக்கும் கேட்டது. தியாகராசன் திரும்பிப் பார்க்கவில்லை. டிவியில் மேட்டூர் அணை நீர்மட்டம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீர்மட்டம் முடிந்து, வரத்து முடிந்து, திறப்பு எத்தனை கன அடி என்றும் கேட்டுவிட்டுத் திரும்பியபோது, அவள் கொல்லைப் பக்கத்து அறைக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். காலில் கொஞ்சம் சேறு மிச்சம் இருந்தது. எழுப்பினார். எழுந்திருக்கவில்லை.

விடிந்ததும் பிரபு சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்ந்தான். ஊர்ப் பெரியவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்தார்கள். அவிட்டம். செம்மங்குளத்தில் அதற்கு மேல் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அவிட்டத்தில் போனால் அடைப்பு. உயிர் போன இடத்தை ஆறு மாசம் பூட்டிவைக்க வேண்டும். தினமும் விளக்கு வைக்கவேண்டும், ஆள் புழங்கக் கூடாது. முக்கியமாக, போனவரை வாசல் வழியாக எடுக்கக் கூடாது. வாசல் வழியாகப் போனவருக்கு வாசல் வழியாக வரத் தெரியும். அதனால் சுவரை இடித்து அந்த வழியாக எடுத்து, கையோடு சுவரை அடைத்துவிட வேண்டும். திரும்பி வந்தால் வழி இருக்காது.

கொல்லைப் பக்கத்து அறையின் தெற்குச் சுவரைக் கடப்பாரையால் இடித்தார்கள். பாடையை வைத்து அளவு பார்த்து, ரெண்டே முக்கால் அடி அகலம், தரையிலிருந்து மூன்றடி உயரம். அவளைக் குனிந்து வாங்கினார்கள். அடைக்கிற நேரத்தில் ஆளில்லை. கொத்தனார் மீரா உசேன் முத்துப்பேட்டையில் ஒரு மண்டப வேலைக்குப் போயிருந்தார். "அண்ணே, நிக்காதீங்க, நீங்களே அடைங்க" என்றாள் நாலாவது வீட்டு அம்சம். "உள்ள நின்னுதான் அடைக்கணும். வெளிய நின்னு அடைக்கிறவங்க போனவங்க பக்கம் ஆயிடுவாங்க."

தியாகராசன் உள்ளே நின்று செங்கல்லும் களிமண்ணுமாக அடைத்தார். பறைச் சத்தம் தெருமுனை திரும்பி, மதகு தாண்டி, சோழசூடாமணி ஆற்றங்கரைப் பக்கம் தேய்ந்து, ஒவ்வொரு கல்லுக்கும் குறைந்துகொண்டே வந்தது. கடைசிக் கல்லை வைத்ததும் ஒன்றும் கேட்கவில்லை. மனைவியை வழியனுப்பப் போகாத புருஷன் ஊரில் அவர் ஒருத்தர்தான். அவளை வெளியே வைத்து அடைத்த புருஷனும் அவர்தான்.

ஆறு மாசம் பூட்டிக் கிடந்த வீட்டை அப்புறம் யாரும் வாடகைக்குக்கூடக் கேட்கவில்லை. அவர் மோட்டார் கொட்டகையில் படுத்துக்கொண்டார். பிரபு சிங்கப்பூரிலிருந்து, "அந்த வீட்ட வச்சிக்கிட்டு என்னப்பா பண்ணப்போற?" என்று வாராவாரம் கேட்டான். அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீரஞ்சனி காரில் வந்து இறங்கினாள்.

ஸ்ரீரஞ்சனி சென்னைக்காரி, கட்டடக்கலை படித்தவள், அருங்காட்சியகத்தின் இயக்குநர். அவளுடைய தாத்தா காலத்து வீட்டை அவள் சித்தப்பாக்கள் இடித்து ஏ.சி. கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். அதனால் அவள் மற்றவர்கள் வீட்டையெல்லாம் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். நல்ல பெண். ஒவ்வொரு செங்கல்லுக்கும் நம்பர் போட்டாள். சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவள், தெற்குச் சுவரில் நின்றுவிட்டாள்.

"ஐயா, இங்க மட்டும் கல்லு வேற மாதிரி இருக்கே. ஏதோ திறப்பு இருந்து, அப்புறமா அடைச்சிருக்காங்க. என்ன இது?"

தியாகராசன் வாயைத் திறந்தார். அந்த வழியாகத்தான் என் பெண்டாட்டியை எடுத்தோம் என்று நம்பர் ஸ்டிக்கர் வைத்திருக்கும் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

"அது… நெல்லு எறக்குற வழிம்மா."

"வீட்டுக்குள்ளயேவா?"

"மழைக் காலத்துல. வண்டிய கொல்லையில நிறுத்தி, மூட்டைய அப்படியே உள்ள தள்ளிடுறது. அந்தக் காலத்துல."

'அந்தக் காலத்தில்' என்று முடித்தால் படித்தவர்கள் எதையும் நம்பிவிடுவார்கள் என்பது அவருக்கு அன்றைக்குத் தெரியாது. ஸ்ரீரஞ்சனி டேப் வைத்து அளந்தாள், படம் பிடித்தாள், கண் கலங்கினாள். "இத எங்கயுமே நான் பாத்ததில்ல ஐயா!"

பார்த்திருக்க மாட்டாள்தான்.

எட்டு மாசம் கழித்து வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், தியாகராசன் தம் வீட்டு நிலையில் இடது பக்கமாகக் குனிந்து நுழைந்தார். குனிய வேண்டிய இடம் பதினோரு கிலோமீட்டர் தள்ளியும் மாறாமல் இருந்தது. கூடம், அடுப்படி எல்லாம் பார்த்துக்கொண்டு கொல்லைப் பக்கத்து அறைக்கு வந்தார். தெற்குச் சுவரில் வெளிச்சம் இருந்தது. தரையோடு தரையாக, ரெண்டே முக்கால் அடி அகலத்துக்கு, சுத்தமாகத் திறந்து, விளிம்பில் சுண்ணாம்பு பூசி, பக்கத்தில் பலகை: 'நெல் இறக்கும் வழி. டெல்டா உழவர் வீடுகளின் அரிய கட்டட நுட்பம். இந்த ஒரு வீட்டில் மட்டுமே கண்டறியப்பட்டுள்ளது. பிற்காலத்தில் அடைக்கப்பட்டிருந்தது, தற்போது மூல நிலைக்கு மீட்கப்பட்டுள்ளது.'

அவர் சுவரில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"பிடிச்சிருக்கா ஐயா?" என்றாள் ஸ்ரீரஞ்சனி. "நீங்க சொன்னதாலதான் திறந்தோம்."

அன்று மாலை ஐந்தரைக்கு, மணி அடித்து ஜனமெல்லாம் வெளியேறிய பின், சன்னலைச் சாத்திக்கொண்டிருந்தபோது சுவருக்கு வெளியே கேட்டது. குதிகால், கல்லில். ரெண்டு தட்டு.

திறப்பின் வழியாக எட்டிப் பார்த்தார். புதிதாக வைத்த வாழைக்கன்று, ஈரத் தரை, படிக்கல். அந்தப் படிக்கல்லுக்கும் நம்பர் போட்டுக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். எதையும் விடவில்லை.

மறுநாளும் ஐந்தரைக்குக் கேட்டது. அதற்கு மறுநாளும். உள்ளே யாரும் வரவில்லை, ஒன்றும் நகரவில்லை, மல்லிகை வாசம் கிசம் எதுவும் அடிக்கவில்லை. கதைகளில் வருகிற எந்த ஏற்பாடும் இல்லை. வெறும் ரெண்டு தட்டு, அப்புறம் காத்திருக்கிற மாதிரி ஒரு நிசப்தம். தியாகராசன் ஒரு அகல் வாங்கிவந்து, மணி அடித்த பிறகு திறப்பின் ஓரத்தில் ஏற்றிவைத்து, அது மலையேறும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வீடு திரும்ப ஆரம்பித்தார். வீடு என்பது இப்போது குடவாசலில் ஒரு வாடகை அறை. தட்டும் ஒவ்வொரு முறையும் அவர் திரும்பிப் பார்த்தார். இனிமேல் ஒரு தடவையும் தவறவிடுவதாக இல்லை.

அருங்காட்சியகத்தில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு அம்சமும் சேர்ந்திருந்தாள். அவள் ஏழாம் நம்பர் வீட்டின் பின்பக்கத்துக்கு மட்டும் வருவதில்லை. சுற்றிக்கொண்டு போவாள்.

"ஏண்ணே, அத ஏன் தொறந்து போட்டு வச்சிருக்கீங்க?" என்றாள் ஒருநாள், விளக்குமாற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

"நானா தொறந்தேன்? அவங்க தொறந்தாங்க."

"சொன்னா அடைச்சிடுவாங்கல்ல?"

"சொன்னா அடைச்சிடுவாங்க" என்றார் தியாகராசன். அவ்வளவுதான் சொன்னார்.

"அஞ்சரைக்குக் கேக்குறத பம்பு செட்டு சத்தம்னு நெனச்சிக்கிட்டிருந்தேன் நானு" என்று முனகிவிட்டுப் போனாள்.

பார்க்க வந்தவர்களுக்கு அவர் தினமும் ஒரு கதை சொன்னார். வாயிலிருந்து உண்மை நழுவிவிடாமல் இருக்க வாய் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் அது பூனை வழி. கட்சி மாநாட்டுக்கு வந்த வழியில் எட்டிப் பார்த்தவர்களிடம் அது மாமியார் ஒட்டுக்கேட்கும் ஓட்டை. வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம், காவிரியில் வெள்ளம் வந்தால் தண்ணீர் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போக விட்ட வழி என்று சைகையால் விளக்கினார். அவர் கைதட்டினார். ஆனால் பலகையில் இருந்தது நெல் இறக்கும் வழி, பலகைதான் வென்றது. கல்லூரிப் பெண்கள் இருவர் அதன்மேல் ஆய்வேடு எழுதினார்கள். ஒருத்தி காற்றோட்டம் என்றாள், இன்னொருத்தி தானியப் பாதுகாப்பு என்றாள். புதுமணத் தம்பதிகள் அதற்குள் தலையை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் மட்டும் தியாகராசன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நல்ல நாளும் அதுவுமாக, மாலையும் கழுத்துமாக, அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் சிரித்துக்கொண்டு வருகிறதுகள்.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. இன்னும் ஓடியிருக்கும், வெங்கடசுப்ரமணியன் வராமல் இருந்திருந்தால்.

வெங்கடசுப்ரமணியன் நாக்பூரில் வங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருஷம் ஆரஞ்சும் சப்பாத்தியும் தின்றுவிட்டு, திருப்பனந்தாள் பக்கம் பூர்வீக மனையில் பழைய பாணியில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். ஒரு தடவை வந்து பார்த்துப் போனவர், தை மாசம் மறுபடி வந்தார். கையில் வரைபடச் சுருள், பக்கத்தில் மனைவி மதுரம். அந்த அம்மாளுக்கு ஆஸ்துமா. நாலு அடிக்கு ஒருமுறை நின்று, கைப்பையிலிருந்து மருந்தை எடுத்து உறிஞ்சிக்கொண்டு நடந்தார். விருந்தாளி முக்கியமானவர் என்பதால் ஸ்ரீரஞ்சனியும் கூடவே வந்தாள்.

"தியாகராசன், உங்காத்து நெல் வழி மாதிரியே ஒண்ணு வச்சுக்கப் போறேன்" என்றார் வெங்கடசுப்ரமணியன், சுருளை விரித்துக்கொண்டே. "நாளைக்கு அந்தச் சுவர் எழும்பறது. கரெக்டா அளவு வேணும். என்ன அகலம் சொன்னேள்?"

தியாகராசன் தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்தார். "நீங்க… நெல்லு எறக்கப் போறீங்களா சார்?"

"நெல்லு எங்கே? ரேஷன் அரிசிகூட வாங்கறதில்லை. இவளுக்குத்தான். இவளுக்கு மூச்சு. கீழ்மட்டத்துல தெற்குக் காத்து உள்ள வரணும்னு டாக்டரே சொல்லிட்டார். இவ கட்டிலை அதுக்கு நேரா போட்டுடறதா பிளான்."

ஸ்ரீரஞ்சனி பெருமையோடு சிரித்தாள். "பாத்தீங்களா ஐயா? திரும்பவும் வாழ்க்கைக்கு வருது!"

தியாகராசன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "பாம்பு வரும் சார்."

"கம்பி வலை அடிச்சுடறேன்."

"மழை வந்தா சாரல் உள்ள அடிக்கும்."

"சின்னதா ஒரு சரிவு போட்டுக்கறேன். இஞ்சினியர் சொல்லிட்டார்."

"நாயி வரும். திருடன் வருவான். கொசு…"

"வலை அடிக்கறேன்னு சொன்னேனே?" வெங்கடசுப்ரமணியன் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உங்க வீட்ல இத்தனை நாள் இருந்திருக்கே, பாம்பா வந்துது?"

அதற்குள் மதுரம் மெதுவாக நடந்து திறப்பின் அருகே போயிருந்தார். அருங்காட்சியகம் போட்டுவைத்த கயிற்றுக்கட்டில் அங்கேதான் கிடந்தது. பழைய இரும்புக்கட்டில் இருந்த அதே இடம். ஸ்ரீரஞ்சனி முன்பு பிடித்த படத்தைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். "அப்பாடா, காத்து வரதுன்னா" என்று உட்கார்ந்தார். பிறகு கைப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, காலைத் தூக்கி, திறப்பின் பக்கமாக நீட்டிச் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வாழையிலை அசைந்தது. அந்தக் காலுக்கும் திறப்புக்கும் நடுவில் ஒரு முழம் தூரம். காலில் செருப்புத் தூசி.

"எந்திரிங்கம்மா!"

அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தத்தை அவர் போட்டதே இல்லை. தேர்தலில் தோற்ற அன்றுகூடப் போட்டதில்லை. மூன்று பேரும் திடுக்கிட்டார்கள். மதுரம் எழுந்து உட்கார்ந்தார்.

"அது நெல்லு எறக்குற வழி இல்ல" என்றார் தியாகராசன். "எங்க வீட்ல அவ்ளோ நெல்லும் வெளைஞ்சதில்ல. இந்தப் பொண்ணுகிட்ட நான் பொய் சொல்லிட்டேன். அது எங்க… எங்க வீட்டம்மாவ எடுத்த வழி. இடிச்சிதான் எடுத்தோம். அந்த எடத்துலதான் படுத்திருந்தாங்க. நீங்க படுத்தீங்க பாருங்க, அதே மாதிரி."

வெங்கடசுப்ரமணியன் வரைபடத்தைச் சுருட்டுவதா விரிப்பதா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். ஸ்ரீரஞ்சனியின் வாயிலிருந்து முதலில் வந்தது, "அப்ப… போர்டு?" என்பதுதான். சொன்ன உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மதுரம் மட்டும் கட்டிலில் உட்கார்ந்தபடியே, திறப்பின் விளிம்பைக் குனிந்து பார்த்தார். சுண்ணாம்பில் ஒரு வருஷ எண்ணெய்ப் பிசுக்கு வட்டமாகக் கறுத்திருந்தது.

"என்ன நட்சத்திரம்?" என்றார்.

"அவிட்டம்."

"ஆறு மாசம்."

"ஆமாங்கம்மா."

"அது முடிஞ்சு எத்தனையோ நாளாச்சே. இன்னும் விளக்கேத்தறேளா?"

தியாகராசன் தலையை ஆட்டினார்.

"வராளா?"

அவர் திறப்புக்கு வெளியே படிக்கல்லைப் பார்த்தார். மதுரம் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மருந்தை ஒரு இழுப்பு இழுத்து, மூச்சு நிதானமானதும் சொன்னார்: "உள்ளேயும் வராம, போகவும் முடியாம, வெளியிலேயே எத்தனை நாள் நிப்பா, பாவம். கால் வலிக்காதா?"

அந்தக் கேள்வி தியாகராசனுக்கு ஒரு வருஷத்தில் ஒருநாளும் தோன்றவில்லை. குந்தவைக்கு வலது முழங்கால் ஆகாது. நடவுக் காலத்தில் ராத்திரி தைலம் தேய்க்கச் சொல்லி நீட்டுவாள்.

வெங்கடசுப்ரமணியன் வாசல் வரை போய், அங்கிருந்தே செல்போனில் கொத்தனாரைப் பிடித்தார். "அந்த ஓட்டை வேண்டாம்ப்பா. ஓட்டையே வேண்டாம். ஜன்னல் வை. பெரிசா வை. உசரமா வை." கத்தியது வயலுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

அவர்கள் போன பிறகு ஸ்ரீரஞ்சனி வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவள் மனசுக்குள் புதுப் பலகை ஒன்று எழும்புவதையும், அது வெட்கப்பட்டு உட்கார்ந்துகொள்வதையும் தியாகராசன் அவள் முகத்திலேயே பார்த்தார். நல்ல பெண் என்று சொல்லியாயிற்று.

"உங்க வீடு. உங்க சுவர்" என்றாள் கடைசியில். "என்ன பண்ணட்டும் ஐயா? நீங்க சொல்றதுதான்."

அடைக்கச் சொன்னால் குந்தவையை ரெண்டாவது தடவை வெளியே வைத்து அடைக்க வேண்டும். திறந்தே கிடக்கட்டும் என்றால் அவள் அந்தப் படிக்கல்லிலேயே நிற்க வேண்டும், முழங்காலோடு.

"செவ்வாக்கெழம லீவுதானம்மா? அன்னிக்கு நானே அடைச்சிடுறேன். ஆளு கூப்பிடாதீங்க."

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குமேல் ஆரம்பித்தார். பழைய செங்கற்கள் நம்பரோடு கிடங்கில் பத்திரமாக இருந்தன. அவர் அன்றைக்கு உள்ளே நின்று வைத்த அதே கற்கள். களிமண்ணைக் கொல்லையிலேயே மிதித்துக் குழைத்தார். லுங்கியும் பனியனும்தான் போட்டிருந்தார். விடுமுறை நாளில் விவசாயியாக இருக்க வேண்டியதில்லை. அம்சம் கூடத்தைப் பெருக்க வந்தவள், வழக்கமில்லாத வழக்கமாக அந்த அறைக்குள் வந்து, திறப்பின் வழியாகக் குனிந்து பார்த்தாள். வெளிப்பக்கத்தில், படிக்கல்லுக்குப் பக்கத்தில், தியாகராசன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முதல் வரிசையை வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே! என்னண்ணே பண்றீங்க? உள்ள வாங்க! உள்ள நின்னுல்ல அடைக்கணும்?"

"போன தடவ உள்ள நின்னேன்" என்றார் தியாகராசன்.

"நான் அப்பவே சொன்னேன், வெளிய நின்னா…"

"நீ சொன்னது ஞாபகம் இருக்கு அம்சம். அந்தக் கல்ல நகத்து, இருநூத்திப் பதினாலு."

அம்சம் நகர்த்தினாள். அப்புறம் உள்ளேயிருந்து விளக்குமாற்றுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒரே இடத்தையே கூட்டுகிறாள் என்று தெரிந்தது. சுவர் வரிசை வரிசையாக ஏறியது. அம்சத்தின் கால் மறைந்தது, முழங்கால் மறைந்தது, விளக்குமாற்றுப் பிடி மறைந்தது. இந்த முறை தேய்ந்து மறைவதற்குப் பறைச் சத்தம் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. தூரத்தில் அறுவடை மெஷின் ஒன்று இரைந்தது. கடைசிக் கல்லைச் செருகி, களிமண்ணை அப்பி, கையால் நீவி, சன்னமாகப் பூசினார். சுவர் சுவராக இருந்தது. இரண்டு ஆணித்துளை மட்டும் உள்ளே, பலகை இருந்த இடத்தில்.

மடியிலிருந்து செல்போனை எடுத்து மணி பார்த்தார். ஐந்தரை.

எழுந்து நின்றார். முழங்காலில் ஒரு சொடக்கு. பாதம் முழுக்கக் களிமண். இப்படியே போனால் கூடமெல்லாம் அப்பிவிடும், அம்சம் வாயில் விழ வேண்டியிருக்கும். வீட்டை ஒட்டியிருந்த படிக்கல்லில் குதிகாலை ரெண்டு தட்டுத் தட்டினார்.

உள்ளே விளக்குமாறு நின்றது.

நான்தான் என்று அவர் சொல்ல வாயெடுத்தார். அதற்குள், பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், அதே கல்லில் இன்னும் ரெண்டு தட்டு. அவருடைய கால் இரண்டும் தரையில் இருந்தன. தியாகராசன் திரும்பிப் பார்த்தார்.

"யாரது?" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அம்சத்தின் குரல் மெல்லியதாக வந்தது. "அண்ணே? நீங்கதானே?"

"நாங்கதான்" என்றார்.